ஒளியை முந்தப் பார்த்த தந்தி

விநாடிக்கு 2,99,792 கிலோமீட்டர். எந்தச் செய்தியும் இதைவிட வேகமாகப் போக முடியாது என்பது சார்பியல் விதித்த வரம்பு. ஆனால் குவாண்டம் பின்னலைப் பற்றிப் படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் எழும். பின்னிய இரு போட்டான்களில் ஒன்றை இங்கே அளந்தால், எவ்வளவு தொலைவில் இருந்தாலும் மற்றதன் நிலையும் அக்கணமே முடிவாகிவிடுகிறது. இதையே தந்தியாக்கினால் என்ன?

அமெரிக்க இயற்பியலாளர் நிக் ஹெர்பர்ட் 1980களின் தொடக்கத்தில் அதற்குத்தான் முயன்றார். அனுப்புபவர் தம் போட்டானை இரு வகையில் அளக்கலாம். அதன் அதிர்வு நிமிர்ந்திருக்கிறதா, படுத்திருக்கிறதா என்று பார்க்கலாம். அல்லது வலமாகச் சுழல்கிறதா, இடமாகவா என்று பார்க்கலாம். முதல் வகை 'ஆம்', இரண்டாவது 'இல்லை' என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளலாம். ஆனால் எப்படி அளந்தாலும் விடை தற்செயல்தான். பெறுபவரிடம் இருப்பதோ ஒற்றைப் போட்டான். ஒருமுறை அளந்தாலே அதன் நிலை கலைந்துவிடும்.

ஹெர்பர்ட்டின் யோசனை அழகானது. வந்த போட்டானை லேசர் பெருக்கியில் விட்டு ஏராளமாக நகலெடுக்க வேண்டும். பாதியை ஒரு வகையிலும் மீதியை மறு வகையிலும் அளக்க வேண்டும். எந்தப் பாதியில் விடை மாறாமல் வருகிறதோ, அதுவே அனுப்பியவர் தேர்ந்த வகை.

இதை ஹெர்பர்ட் கட்டுரையாக எழுதினார். ஆய்விதழுக்காக அதை மதிப்பிட்ட இயற்பியலாளர் கிரார்டி, நிராகரிக்கச் சொன்னார். இன்னொரு மதிப்பீட்டாளரான ஆஷர் பெரஸ், தவறு என்று தெரிந்தே வெளியிடச் சொன்னார். தவறு எங்கே என்று தேடப் போனால் புதிதாக ஏதேனும் கிடைக்கும் என்று நம்பினார். அறிவியலுக்கு இந்தத் துணிச்சல் மிகவும் தேவை.

கட்டுரை 1982இல் வந்தது. அதே ஆண்டு இயற்பியலாளர்கள் வூட்டர்ஸும் ஸூரெக்கும் சேர்ந்தும், டீக்ஸ் தனியாகவும் அதிலிருந்த ஓட்டையைக் காட்டினார்கள். சுழலும் நிலை என்பது நிமிர்ந்த நிலையும் படுத்த நிலையும் சேர்ந்த கலவை. அவ்விரண்டையும் பிசகில்லாமல் நகலெடுக்கும் கருவி, கலவையின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே இரட்டிக்கும். வெளிவருவது சுழலும் போட்டானின் நகலாக இருக்காது. லேசரிலும் தப்ப வழியில்லை. தானாக உமிழப்படும் போட்டான்கள் நகல்களோடு கலந்து, தேடிய வேறுபாட்டையே அழித்துவிடும்.

முன்பின் தெரியாத குவாண்டம் நிலையை நகலெடுக்க முடியாது என்ற இந்த விதிதான், 1984இல் ஆய்வாளர்கள் பென்னெட்டும் பிராசார்டும் போட்டான்களைக் கொண்டு வகுத்த ரகசியக் குறியீட்டு முறைக்குக் காவல். ஒட்டுக்கேட்பவர் போட்டானைப் பிரதியெடுத்து வைத்துக்கொள்ள முடியாது. தொட்டால் தடயம் விழும்.

சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள், சுமார் 1,200 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரு நிலையங்களுக்குப் பின்னிய போட்டான்களை அனுப்பிய சோதனை 2017இல் வெளியானது. அங்கும் ஒவ்வொரு நிலையத்தின் பதிவும் தனியே பார்த்தால் வெறும் தற்செயல் எண்கள்தான். இரண்டையும் சாதாரண வழியில் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்ட பிறகே பின்னல் தெரிந்தது.