பானைத் தண்ணீரும் ஆத்தங்குடிக் கல்லும்

மாடித் தொட்டித் தண்ணீர் பங்குனியிலேயே சுடத் தொடங்கிவிடும். குழாயைத் திறந்து தொட்டுப் பார்த்துவிட்டுக் குடிக்காமல் திரும்பும் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் உண்டு. அதனால் வகுப்புக்கு ஒரு பானை வைத்தோம். கூடவே ஒரு பாடமும் கிடைத்தது.

பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது என்று ஏழாம் வகுப்பில் கேட்டேன். "மண்ணு குளிர்ச்சி டீச்சர். ஆத்தங்குடிக் கல்லுத் தரையும் அப்படித்தானே?" என்றார்கள். செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டும் பழகிய பொருள்கள். காரணங்கள் மட்டும் வேறு வேறு.

ஒரே அளவில் இரண்டு மானாமதுரைப் பானைகளை எடுத்துக்கொண்டோம். (நம் மாவட்டத்து இந்த மண்பாண்டம் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.) முதல்நாளே தண்ணீரில் ஊறவைத்து, ஒன்றை மட்டும் வெளிப்புறம் முழுக்கப் பாலித்தீன் தாளால் இறுகச் சுற்றினோம். இரண்டிலும் ஒரே தொட்டித் தண்ணீரை நிரப்பி, மூடி, காற்றோட்டமான நிழலில் வைத்தோம். மணிக்கொரு முறை மாணவர்களே வெப்பமானியில் அளந்து எழுதினார்கள். பிற்பகலில் சுற்றாத பானை நன்றாகக் குளிர்ந்திருந்தது. சுற்றியதில் அந்தக் குளிர்ச்சி இல்லை. இரண்டும் ஒரே மண்தான். வெளியே கசிந்த ஈரம் காய முடிந்ததா இல்லையா என்பதுதான் வேறுபாடு என்று அவர்களே பிடித்துவிட்டார்கள்.

நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது கிராமுக்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 10 லிட்டர் பானையில் 100 மில்லி ஆவியானால் 58,000 கலோரி. மீதித் தண்ணீர் கிட்டத்தட்ட 6 டிகிரி செல்சியஸ் குறைய வேண்டும். வெளிவெப்பமும் உள்ளே வந்துகொண்டிருப்பதால் அவ்வளவு குறையாது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு இது நல்ல கணக்கு.

வார்னிஷ் அடித்துப் பூப்போட்ட பானைகளை வாங்காதீர்கள். அழகுதான், ஆனால் துளைகள் அடைபட்டிருக்கும். உப்புத் தண்ணீர் புழங்கும் ஊர்களில் நாளடைவில் உப்புப் படிந்தும் அடைபடும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் எந்தப் பானையும் அவ்வளவாகக் குளிராது.

நைஜீரியாவில், பானை செய்யும் குடும்பத்தில் பிறந்த ஆசிரியர் முகமது பா அப்பா, 1990களில் ஒரு பானைக்குள் இன்னொன்றை வைத்து இடையே ஈரமணலை நிரப்பினார். மின்சாரமில்லாத கிராமங்களில் காய்கறிகள் கூடுதல் நாள் வாடாமல் இருந்தன. சத்துணவுக் கூடத்துத் தக்காளியை வைத்து நாமும் செய்து பார்க்கலாம்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு வருவோம். பதிக்காத கல் ஒன்றையும் மரப்பலகையையும் ஓர் இரவு முழுக்க ஒரே அறையில் வையுங்கள். காலையில் இரண்டின் மேலும் வெப்பமானியை வைத்துத் துணியால் மூடி அளந்தால் ஒரே அளவுதான் காட்டும். வெறுங்காலில் மிதித்தால் கல்தான் சில்லென்றிருக்கும். கல் காலின் வெப்பத்தை விரைவாக இழுத்துக்கொள்கிறது, மரம் மெதுவாக. எங்கள் வகுப்பில் வெப்பமானி பழுதாகிவிட்டது என்று இரண்டு பேர் அடித்துச் சொன்னார்கள். வேறு வெப்பமானி கொண்டுவந்து அளந்த பிறகே ஒப்புக்கொண்டார்கள்.