அணைந்தது கடைசி நெருப்பு!

நிலக்கரியைக் கைவிட்டது பிரிட்டன். மின்சாரச் செலவு மட்டும் ஏன் குறையவில்லை?

2024-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 30-ந் தேதி. இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ராட்கிளிப் மின்சார நிலையத்தில், கொதிகலன்களின் நெருப்பு அணைந்தது.

பிரிட்டனில் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்த கடைசி நிலையம் அது. 142 ஆண்டுகளாக எரிந்த நெருப்பு அன்றோடு முடிந்தது. "ஜி-7" என்று சொல்லப்படும் ஏழு பணக்கார நாடுகளில், நிலக்கரி மின்சாரத்தை அடியோடு விட்ட முதல் நாடு பிரிட்டன்தான்.

மறுநாள் அக்டோபர் 1-ந் தேதி. அன்று வீட்டுக்கு வீடு வேறொரு செய்தி போயிற்று. மின்சாரம், எரிவாயுக் கட்டணம் உயர்ந்துவிட்டது! சராசரிக் குடும்பம் ஒன்றின் ஆண்டுச் செலவு 1,568 பவுண்டாக இருந்தது. அது 1,717 பவுண்டு ஆயிற்று.

காற்றுக்கு யாரும் காசு கேட்பதில்லை. வெயிலுக்கும் விலை இல்லை. அப்படியிருக்க, காற்றாலைகள் பெருகிய நாட்டில் கட்டணம் ஏன் ஏறுகிறது?

எடிசன் ஏற்றிய விளக்கு

நிலக்கரி மின்சாரத்தை உலகத்துக்கு அறிமுகம் செய்ததே பிரிட்டன்தான். 1882-ம் ஆண்டு ஜனவரி மாதம், லண்டனில் ஹோல்பார்ன் வயடக்ட் என்ற இடத்தில் ஒரு மின்சார நிலையம் திறக்கப்பட்டது. அதை அமைத்தது விஞ்ஞானி எடிசனின் கம்பெனி. நிலக்கரியைக் கொண்டு பொதுமக்களுக்கு மின்சாரம் கொடுத்த முதல் நிலையம், உலகத்திலேயே அதுதான்.

பிறகு நாடு முழுவதும் நிலையங்கள் எழுந்தன. சுரங்கங்கள் பெருகின. 1920-ம் ஆண்டு வாக்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தார்கள். தகப்பனுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று சுரங்கத்தில் இறங்கினார்கள்.

கரி சோறு போட்டது. உயிரையும் குடித்தது. 1952-ம் ஆண்டு டிசம்பரில், குளிருக்காக வீடுகளில் எரித்த கரியின் புகையும், தொழிற்சாலைப் புகையும், மூடுபனியும் சேர்ந்து லண்டனைக் கவ்விக்கொண்டன. 5-ந் தேதி முதல் 9-ந் தேதி வரை பகலும் இரவு போல் இருந்தது. மூச்சு முட்டி இறந்தவர்கள் 4,000 பேர் என்று முதலில் கணக்கிட்டார்கள். பிற்கால ஆராய்ச்சியாளர்கள், அது 12,000 வரை இருக்கும் என்கிறார்கள். 1956-ம் ஆண்டு சுத்தமான காற்றுக்காகப் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது.

ஓராண்டு வேலைநிறுத்தம்

சுரங்கத் தொழிலாளர்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. பல சுரங்கங்களை மூடப்போவதாக அறிவிப்பு வந்ததும், 1984-ம் ஆண்டு மார்ச்சில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பிரதம மந்திரி மார்கரெட் தாட்சர் அசையவில்லை. ஓராண்டு போராட்டம் நடந்தது. குடும்பங்கள் பசியோடு காத்திருந்தன. 1985-ம் ஆண்டு மார்ச்சில், தோல்வியோடு வேலைக்குத் திரும்பினார்கள்.

1990-ம் ஆண்டு மின்சாரத் தொழில் தனியார் கைக்குப் போகத் தொடங்கியது. புதிய முதலாளிகள், வடகடலில் கிடைத்த எரிவாயுவை விரும்பினார்கள். எரிவாயு நிலையத்தைச் சீக்கிரம் கட்டலாம், புகையும் குறைவு. கரியின் பங்கு சுருங்கியது. 2015-ம் ஆண்டு டிசம்பரில், யார்க்‌ஷயரில் உள்ள கெல்லிங்லி சுரங்கம் மூடப்பட்டது. நாட்டின் கடைசி ஆழ்சுரங்கம் அதுதான்.

வரியும் ஏலமும்

அப்படியும் 2012-ம் ஆண்டில், 100 விளக்கு எரிந்தால் அதில் சுமார் 40 விளக்கு கரி மின்சாரத்தில்தான் எரிந்தது. 12 ஆண்டுகளில் அது எப்படி மறைந்தது?

முதல் காரணம் சட்டம். கரியமில வாயு பூமியைச் சூடாக்குகிறது. அதைப் படிப்படியாகக் குறைத்தே தீரவேண்டும் என்று 2008-ம் ஆண்டு சட்டம் வந்தது. இரண்டாவது வரி. மின்சார நிலையங்கள் வெளிவிடும் கரியமில வாயுவுக்கு 2013-ம் ஆண்டு தனி வரி போட்டார்கள். எரிவாயுவைவிடக் கரி அதிகம் வாயு விடுவதால், கரி நிலையங்களுக்கு நஷ்டம் வந்தது.

மூன்றாவது ஏலம். கடலில் காற்றாலை கட்டப் பெரும் பணம் வேண்டும். "விலை விழுந்துவிட்டால் என்ன செய்வது?" என்று கம்பெனிகள் தயங்கின. அரசாங்கம் ஒரு வழி கண்டது. யார் குறைந்த விலைக்கு மின்சாரம் தருவதாகக் கேட்கிறாரோ, அவருக்கு ஒப்பந்தம். சந்தை விலை அதைவிட இறங்கினால் மீதியை அவருக்குக் கொடுப்பார்கள். ஏறினால், அதிகப்படியை அவர் திருப்பித் தரவேண்டும். அப்போது ஒப்பந்தக் காலம் 15 ஆண்டாக இருந்தது.

இந்த ஏலம் அதிசயம் செய்தது. 2015-ம் ஆண்டு ஏலத்தில், ஆயிரம் யூனிட்டுக்கு 114 பவுண்டுக்கு மேல் கேட்ட கடல் காற்றாலைகள், 2022-ம் ஆண்டு ஏலத்தில் சுமார் 37 பவுண்டுக்கு இறங்கி வந்தன. இரண்டும் 2012-ம் ஆண்டு விலைவாசியில் போட்ட கணக்கு.

ஆனால் அதிக ஆசை ஆபத்து. 2023-ம் ஆண்டு ஏலத்தில் அரசாங்கம் வைத்த உச்ச விலை போதவில்லை. இரும்பும் வட்டியும் ஏறிவிட்டன. கடல் காற்றாலை கட்ட ஒருவர்கூட ஏலம் கேட்க வரவில்லை! அடுத்த ஆண்டு விலையை உயர்த்திய பிறகுதான் வந்தார்கள்.

தேநீர் குடித்தால் திண்டாட்டம்

மின்சாரம் அரிசியைப் போல அல்ல. மூட்டை கட்டி வைக்க முடியாது. எவ்வளவு செலவாகிறதோ, அவ்வளவு அதே விநாடியில் உற்பத்தி ஆகவேண்டும்.

1990-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி. உலகக் கோப்பைக் கால்பந்து அரை இறுதியில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதின. டெலிவிஷனில் ஆட்டம் முடிந்ததும் ஜனங்கள் எழுந்து போய், தேநீருக்கு மின்சாரக் கெட்டிலைப் போட்டார்கள். மின்சாரத் தேவை ஒரே பாய்ச்சலில் 2,800 மெகாவாட் ஏறியது. ராட்கிளிப் போன்ற பெரிய நிலையம் முழு வேகத்தில் ஓடினாலே 2,000 மெகாவாட்தான்!

இப்படிப்பட்ட நேரத்துக்காகவே வேல்ஸ் நாட்டு மலை ஒன்றைக் குடைந்து, டினார்விக் என்ற நிலையத்தைக் கட்டியிருக்கிறார்கள். தேவை இல்லாத நேரத்தில் தண்ணீரை மேலே உள்ள ஏரிக்கு ஏற்றி வைப்பார்கள். தேவை வந்ததும் திறந்து விடுவார்கள். சில விநாடிகளில் மின்சாரம் பாயும்.

ஆனால் காற்று பல நாள் தொடர்ந்து வீசாமல் இருந்தால், ஓர் ஏரி போதாது. அப்போது கைகொடுப்பது எரிவாயு நிலையம்தான். விலை ஏற்றத்தின் ரகசியமும் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது பால்காரர்

ஒரு கல்யாண வீட்டுக்கு 100 படி பால் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் பால்காரரிடம் 40 படி இருக்கிறது. படி 10 ரூபாய். இரண்டாமவரிடம் 40 படி, 20 ரூபாய். மூன்றாமவரிடம் 20 படி. அவர் கேட்பது 60 ரூபாய். அவர் இல்லாமல் கல்யாணம் நடக்காது.

அவரவர் கேட்ட விலையைக் கொடுத்தால் 2,400 ரூபாயில் முடியும். ஆனால் பிரிட்டன் மின்சாரச் சந்தையின் வழக்கம் வேறு. கடைசியாக வந்தவரின் விலையே எல்லோருக்கும் விலை! மூன்று பேருக்கும் படிக்கு 60 ரூபாய். மொத்தம் 6,000 ரூபாய்.

அந்தச் சந்தையில் மூன்றாவது பால்காரர், எரிவாயு நிலையம். அரை மணிக்கு ஒரு விலை என்று நாளுக்கு 48 விலை உண்டு. பெரும்பாலான நேரங்களில் அந்த விலையைத் தீர்மானிப்பது எரிவாயுதான்.

2022-ம் ஆண்டு உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. எரிவாயு விலை வானத்தைத் தொட்டது. அதற்கு முந்திய குளிர்காலத்தில் 1,277 பவுண்டாக இருந்த குடும்பச் செலவு, ஏப்ரலில் 1,971 பவுண்டு ஆயிற்று. அக்டோபரில் அரசாங்கம் தலையிட்டு, தன் பணத்தைக் கொட்டி, 2,500 பவுண்டில் நிறுத்தியது. பல வீடுகளில், குளிர்காய்வதா, சாப்பிடுவதா என்ற நிலை வந்தது.

ஒப்பந்தம் போட்ட காற்றாலைகள் அதிகப்படிப் பணத்தைத் திருப்பித் தந்தன. ஒப்பந்தத்தில் சேராத பழைய நிலையங்கள் பலவற்றுக்கு லாபம் கொழித்தது. 2023-ம் ஆண்டு ஜனவரி முதல் அந்த லாபத்துக்கு 45 சதவிகிதம் தனி வரி போட்டார்கள்.

கம்பி இல்லாத குறை

இன்னொரு தொல்லை, கம்பி. காற்று அதிகம் வீசுவது வடக்கே ஸ்காட்லாந்தில். மின்சாரம் அதிகம் செலவாவது தெற்கே. நடுவில் போதிய கம்பிகள் இல்லை. பலத்த காற்று வீசும் நாளில், "ஆலையை நிறுத்துங்கள்" என்று சொல்லி வடக்கே பணம் கொடுக்கிறார்கள். "ஆலையை ஓட்டுங்கள்" என்று சொல்லி, தெற்கே எரிவாயு நிலையத்துக்கும் பணம் கொடுக்கிறார்கள். இரண்டு செலவும் குடும்பங்களின் தலையில்தான்.

நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு விலை வைக்கலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். 2025-ம் ஆண்டு ஜூலையில் அரசாங்கம் அதை மறுத்துவிட்டது. ஸ்காட்லாந்திலிருந்து கடலுக்கு அடியில் பெரிய கேபிள்கள் போடும் வேலை நடக்கிறது. அந்தச் செலவும் கட்டணத்தில்தான் சேரும். 2030-ம் ஆண்டுக்குள் மின்சாரத்தில் 95 சதவிகிதமாவது புகையில்லாததாக இருக்கவேண்டும் என்பது அரசாங்கத்தின் திட்டம்.

2024-ம் ஆண்டுக் கணக்குப்படி காற்றின் பங்கு சுமார் 30 சதவிகிதம். எரிவாயுவின் பங்கும் ஏறத்தாழ அதே அளவு. கரியை விரட்டிய பிரிட்டனுக்கு, எரிவாயுவோடு இன்னும் கணக்குத் தீரவில்லை. மூன்றாவது பால்காரரின் தயவு இல்லாமல் கல்யாணம் நடக்கும் நாட்கள் பெருகினால்தான், மின்சாரத்தின் விலை இறங்கும்.