ஊர் கூடிக் காக்கும் வீட்டுச் சூடு

பிரிட்டனில் வீடு வாங்குகிறவர் கையில் எரிசக்திச் சான்றிதழ் ஒன்றும் வந்து சேரும். ஏ-யில் தொடங்கி ஜி-யில் முடியும் ஏழு தரங்களில் அந்த வீடு எங்கே நிற்கிறது, சுவரும் கூரையும் எந்த லட்சணத்தில் இருக்கின்றன, எதையெல்லாம் மாற்றினால் தரம் உயரும் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். எதை முதலில் செய்வது, யாரைக் கூப்பிடுவது, சொல்கிற விலை நியாயமானதா, வேலை சரியாக நடந்ததா என்று யார் பார்ப்பது? இவற்றுக்கு அந்தக் காகிதத்தில் பதில் இருக்காது. பதில் சொல்ல வருகிறவர்களில் பெரும்பாலோர் எதையாவது விற்க வந்தவர்கள்.

அதனால்தான் பல ஊர்களில் குடியிருப்பவர்களே சேர்ந்து கூட்டுறவுகளையும் சமூக நிறுவனங்களையும் தொடங்கியிருக்கிறார்கள். சூடு வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷன் பலகையோ, வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப்போ விற்பது இவர்கள் வேலையல்ல. வீட்டுக்காரர் பக்கம் நின்று யோசனை சொல்கிறார்கள், வேலையைச் சரிபார்க்கிறார்கள். அந்தத் துணை ஏன் தேவைப்படுகிறது, அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

சூடு எங்கே போகிறது?

இங்கிலாந்து வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று 1919-க்கு முன் கட்டியது. அந்தக் காலத்து வரிசை வீடுகளின் வெளிச்சுவர் பெரும்பாலும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். நடுவில் இடைவெளி கிடையாது. உள்ளே ஏற்றிய சூடு அதன் வழியே வெளியே போய்விடும். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில், நடுவில் இடைவெளி விட்டு இரட்டைச் சுவர் எழுப்பும் வழக்கம் பரவியது. அந்த இடைவெளியைப் பஞ்சு போன்ற பொருளால் நிரப்பிவிடலாம்; செலவும் குறைவு. இடைவெளி இல்லாத சுவருக்கு வெளிப்புறமோ உட்புறமோ தனியாக ஒரு போர்வை போட்டாக வேண்டும். அதற்குத்தான் பணமும் கவனமும் அதிகம் தேவை.

நாட்டில் ஐந்தில் நான்கு வீடுகளுக்கு மேல் கேஸ் பாய்லரை நம்பியிருக்கின்றன. காப்பில்லாத வீட்டில் பாய்லர் எரிவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவதுதான். எரிவாயு விலை ஏறியபோது இது எல்லோருக்கும் உறைத்தது. 2021 அக்டோபரில் சராசரி வீட்டின் ஆண்டுக் கட்டணத்துக்கு 1,277 பவுண்டு என்றிருந்த உச்சவரம்பு, 2022 ஏப்ரலில் 1,971 பவுண்டுக்குத் தாவியது. அதே ஆண்டு அக்டோபரில் அரசே குறுக்கிட்டு அதை 2,500 பவுண்டு அளவில் நிறுத்த வேண்டியிருந்தது.

சூட்டை உள்ளே நிறுத்தினால் போதாது. ஈரத்தை வெளியே அனுப்பவும் வேண்டும். சமையல், குளியல், துணி உலர்த்துதல், மூச்சு என்று ஒரு குடும்பம் நாள் முழுக்க நீராவியை விட்டுக்கொண்டே இருக்கிறது. காற்றுப் போக வழி வைக்காமல் வீட்டை அடைத்தால், அந்த ஆவி சுவரின் குளிர்ந்த மூலைகளில் படிந்து கருப்புப் பூஞ்சையாகிவிடும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவர்கள் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்பு கொண்டவை. அவற்றின்மேல் சிமெண்டையோ பிளாஸ்டிக் பூச்சையோ ஏற்றினால் ஓதம் உள்ளேயே தங்கிவிடும்.

ஆகவே வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கூரை ஒழுகல், மழைநீர்க் குழாய்க் கசிவு போன்ற பழுதுகள். அடுத்து, காற்றோட்டத்துக்கு வழி. பிறகு இன்சுலேஷன்: பரணில் கனிமப் பஞ்சை 270 மில்லிமீட்டர் கனத்துக்கு விரிப்பது, அதன்பின் சுவரும் தரையும். கடைசியில்தான் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைப்பது. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சி உள்ளே தரும் அந்த இயந்திரம், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் சூடு கொடுக்கும். ஆனால் அது ரேடியேட்டருக்கு அனுப்பும் நீர் பாய்லர் நீரைவிட வெப்பம் குறைந்தது. ஓட்டை வீட்டில் அது நாள் முழுக்க ஓடி மின் கட்டணத்தை ஏற்றிவிடலாம்.

பெரிய திட்டங்கள் ஏன் சறுக்கின?

அரசு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 2013-இல் வந்த 'கிரீன் டீல்' திட்டத்தில் வேலைக்குக் கடன் கொடுத்து, தவணையை மின் கட்டணத்தோடு வசூலித்தார்கள். வட்டி கூடுதல், நடைமுறை சிக்கல். சுமார் 14,000 வீடுகளோடு 2015-இல் அது முடங்கியது. 2020 செப்டம்பரில் இங்கிலாந்தில் 150 கோடி பவுண்டு ஒதுக்கி 'கிரீன் ஹோம்ஸ் கிராண்ட்' மானியம் வந்தது. இலக்கு 6 லட்சம் வீடுகள். ஆறே மாதத்தில், 2021 மார்ச்சில் விண்ணப்பக் கதவை மூடிவிட்டார்கள். சுமார் 47,500 வீடுகள்தான் பயன்பெறும் என்று பின்னால் கணக்கிட்டது தேசியத் தணிக்கை அலுவலகம்.

தரத்தில் நேர்ந்த சறுக்கல் இன்னும் மோசம். பிரஸ்டன் நகரின் ஃபிஷ்விக் பகுதியில் 2013-இல் 300-க்கும் மேற்பட்ட வரிசை வீடுகளுக்கு வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்டார்கள். வேலை அரைகுறை. மழைநீர் பலகைக்குப் பின்னால் புகுந்து, வீட்டுக்குள் ஓதமும் பூஞ்சையுமாக ஆனது. அந்தப் பாடம் யாருக்கும் எட்டவில்லை போலும். மின்சார, எரிவாயு நிறுவனங்கள் வழியே அண்மையில் நடந்த இரண்டு திட்டங்களை ஆராய்ந்த தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் தந்த அறிக்கை அதிர வைத்தது. வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்ட வீடுகளில் 98 விழுக்காட்டில், அதாவது 22,000 முதல் 23,000 வீடுகளில், திருத்தியே ஆக வேண்டிய பெரிய குறைகள். உட்புறம் போட்ட வீடுகளில் 29 விழுக்காட்டுக்கு அந்தக் கதி.

காரணம், வேலை கைமாறும் விதம். மின்சார, எரிவாயு நிறுவனம் வேலையை ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கிறது. அவர் கீழே இன்னொருவருக்குக் கைமாற்றுகிறார். திட்டம் முடிவதற்குள் எண்ணிக்கை காட்ட வேண்டும் என்ற அவசரத்தில், பத்துத் தெருவுக்கு ஒரே மருந்து. எந்த வீட்டின் மழைநீர்க் குழாய் எங்கே ஒழுகுகிறது, எந்த ஜன்னலடியில் ஈரம் நிற்கிறது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. வீட்டுக்காரருக்கோ, போட்டது சரியா தவறா என்று சொல்லும் அறிவு கிடையாது. அதைச் சொல்லித்தரும் ஆளும் பக்கத்தில் இல்லை.

உள்ளூர்க்காரர் என்ன செய்கிறார்?

பிரிஸ்டலின் 'சீஸ்' திட்டம் பார்ப்பதில் தொடங்குகிறது. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் குளிர்கால நாளில் வீட்டுக்கு வருவார். வாசல் கதவில் ஒரு பெரிய மின்விசிறியைப் பொருத்தி, உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுப்பார். உடனே வெளிக் குளிர்காற்று எங்கெல்லாம் சந்து இருக்கிறதோ அங்கெல்லாம் உள்ளே பாயும். கையில் வெப்பப் படக் கேமராவோடு அவரும் வீட்டுக்காரரும் அறை அறையாக நடப்பார்கள். பரண் கதவின் விளிம்பு, தரையும் சுவரும் சேரும் ஓரம், குழாய் சுவரைத் துளைக்கும் இடம், ஜன்னல் சட்டம் என ஒவ்வொன்றிலும் குளிர் நாக்கு நீட்டுவது திரையில் தெரியும். அந்த நடையை முழுதும் பதிவு செய்து வீட்டுக்காரரிடமே கொடுத்துவிடுவார்கள். கண்டுபிடிக்கும் குறைகளில் பல, பூச்சுப் பசையும் பட்டையும் வாங்கித் தாமே அடைத்துவிடக் கூடியவை. பெரும் செலவில் தொடங்க வேண்டும் என்ற மிரட்சி அங்கேயே பாதி போய்விடுகிறது.

மான்செஸ்டர் வட்டாரத்தில் 'கார்பன் கோ-ஆப்' என்ற உறுப்பினர் கூட்டுறவு இன்னும் ஆழமாக இறங்குகிறது. சுவர், ஜன்னல் அளவுகளோடு, வீட்டில் எத்தனை பேர், எந்த அறையில் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், எந்த மூலை குளிர்கிறது என்பதையும் கேட்டு, மொத்த வீட்டுக்கும் ஒரு திட்டம் எழுதித் தருகிறார்கள். அதைப் பத்தாண்டுகளில் கைக்குப் பணம் வரவர, கட்டம் கட்டமாக முடிக்கலாம். சமையலறையைப் புதுப்பிக்கும்போது அந்தச் சுவரின் இன்சுலேஷன், கூரை ஓடு மாற்றும்போது பரண் என்று, எப்படியும் நடக்கப்போகும் வேலையோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். 'அர்பெட்' என்ற வடிவமைப்புக் கூட்டுறவோடு சேர்ந்து இவர்கள் தொடங்கிய 'பீப்பிள் பவர்டு ரெட்ரோஃபிட்' சேவை, தகுதி பார்த்த கொத்தனார்களையும் தச்சர்களையும் அறிமுகப்படுத்துகிறது. விலைப்பட்டியலைச் சரிபார்க்க உதவுகிறது. உள்ளூர்த் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் நடத்துகிறது. அந்தப் பயிற்சி முக்கியம். நல்ல வேலைக்காரர் ஊரில் இல்லாவிட்டால் நல்ல திட்டம் அலமாரியில்தான் தூங்கும்.

கிளாஸ்கோவில் சிக்கல் வேறு. அங்கே பழைய மணற்கல் அடுக்குக் கட்டடங்கள் ஏராளம். ஒரே படிக்கட்டைச் சுற்றி எட்டு வீடுகள் இருக்கும். கூரை எல்லோருக்கும் பொது. மேல்மாடிக்காரருக்குக் குளிர்கிறது என்றால் கீழ்மாடிக்காரரும் சம்மதித்துப் பணம் போட்டாக வேண்டும். இங்கே 'லோகோ ஹோம் ரெட்ரோஃபிட்' என்ற அமைப்பு, வீட்டுச் சொந்தக்காரர்களையும் வேலை செய்யும் தொழிலாளர்களையும் ஒரே கூட்டுறவில் சேர்த்துக்கொண்டு நடக்கிறது. இத்தகைய கட்டடத்தில் என்ன முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டாக, அதே நகரின் நிட்ரி சாலையில் ஒரு வீட்டு வசதிச் சங்கம் எட்டு வீடுகளை உயர்ந்த தரத்துக்குப் புதுப்பித்துக் காட்டியிருக்கிறது. எட்டும் ஒரே சொந்தக்காரர் கையில் இருந்தது அங்கே பெரிய வசதி.

பேச்சும் ஒரு கருவிதான். டெவன் மாவட்டத்தின் டாட்னஸ் ஊரில் 2009 வாக்கில் 'டிரான்சிஷன் ஸ்ட்ரீட்ஸ்' என்ற முயற்சியில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. ஒரே தெருவின் ஆறேழு வீட்டார் மாறி மாறி ஒருவர் வீட்டில் கூடி, மின்சாரம், தண்ணீர், சாப்பாடு என்று ஒவ்வொன்றாகப் பேசி, அடுத்த கூட்டத்துக்குள் எதையாவது செய்து முடித்து வர வேண்டும். பக்கத்து வீட்டில் செய்ததை நேரில் தொட்டுப் பார்த்தவருக்கு விளம்பரத் துண்டு தேவைப்படுவதில்லை.

எங்கே இடிக்கிறது?

இந்த அமைப்புகளைக் கொண்டாடும்போது குறைகளையும் சொல்லியாக வேண்டும். முழு வீட்டுச் சர்வேக்குக் கட்டணம் உண்டு. முதலில் வருவது பெரும்பாலும் படித்த, கையில் கொஞ்சம் சேமிப்புள்ள சொந்த வீட்டுக்காரர்கள். வாடகைக்கு இருப்பவர் சுவரைத் தொடவே வீட்டுச் சொந்தக்காரர் அனுமதி வேண்டும். அரசு மானியம் வந்தால் ஆள் எடுத்து, நின்றால் ஆளை அனுப்பிவிடும் ஊசலாட்டத்தில் பல அமைப்புகள் திணறுகின்றன. இலட்சக்கணக்கான வீடுகள் காத்திருக்கும் நாட்டில் இவர்கள் தொட்டது சொற்பம். பணத்தை அரசுதான் போட வேண்டும்; வேலை வீட்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் கண் உள்ளூரில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன தணிக்கை அறிக்கையே சாட்சி.

கையெழுத்துப் போடும் முன்

லண்டன் ஹாரோ பக்கம் 1930-களின் செமி-டிட்டாச்டு வீடு வாங்கிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கதவைத் தட்டி "இலவச இன்சுலேஷன்" என்று சொல்கிறவர் அவர்கள் வாசலுக்கும் வருவார். அவரை உட்கார வைத்துச் சில கேள்விகள் கேட்கலாம்.

என் வீட்டுச் சுவர் நடுவில் இடைவெளி உள்ளதா, இல்லாததா? அதை எப்படிச் சோதித்தீர்கள்? இப்போது இருக்கும் ஓதத்தை முதலில் யார் சரிசெய்வது? குளியலறை, சமையலறை ஈரம் வெளியேற என்ன ஏற்பாடு? வேலையை நீங்களே செய்கிறீர்களா, வேறு யாருக்காவது கொடுக்கிறீர்களா? முடிந்தபின் உங்களைச் சேராத யார் வந்து பார்ப்பார்கள்? உத்தரவாதம் எத்தனை ஆண்டு? உங்கள் நிறுவனம் மூடிவிட்டால் அதை யார் ஏற்பது?

அரசு தருவதையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஹீட் பம்ப் வைக்க 7,500 பவுண்டு வரை மானியம் உண்டு. இன்சுலேஷன் போன்ற பொருள்களைப் பொருத்தும் வேலைக்கு 2027 மார்ச் வரை வாட் வரி கிடையாது.

கடைசியாக ஒரு கேள்வி: "வேலையே வேண்டாம், அல்லது பரணை மட்டும் செய்தால் போதும் என்று நான் முடிவெடுத்தால், உங்களுக்கு என்ன நஷ்டம்?" விற்க வந்தவருக்கு அது கைவிட்டுப் போன வியாபாரம். யோசனைக்கு மட்டும் கூலி வாங்கும் உள்ளூர் அமைப்புக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை.