தளர்ந்த நடையும் அளந்த பயிற்சியும்

மக்கள் உடலாற் செய்யும் தொழில்களுள் நடத்தலைப்போல எளிதாகத் தோன்றுவதும், ஆராயுங்கால் அரிதாக விளங்குவதும் பிறிதொன்றில்லை. அடியெடுத்து வைக்க எண்ணிய அளவிலே மூளை ஏவுகின்றது. அவ்வேவல் முதுகந்தண்டின் வழியே இறங்கி, நரம்புகளின் வாயிலாகத் தசைகளை இயக்குகின்றது. பாதம் தரையிற் பட்டவுடன் அச்செய்தி மீண்டும் மேலேறி மூளையை அடைகின்றது. கண்ணும், செவியினுள் அமைந்த சமநிலை உறுப்பும் உடல் சாயாவண்ணம் காக்கின்றன. இவற்றுள் ஒன்று பிழைபடினும் நடை தளரும். அங்ஙனம் நடையைத் தளர்விக்கும் நோய்களுள் ஒன்றாகிய 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்பதன் இயல்பையும், அந்நோயுற்றார் உடற்பயிற்சியால் தம் நடையை எவ்வளவு மீட்டுக்கொள்ளக்கூடும் என்பதையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

இந்நோய் மேலைநாடுகளிற்போல நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவதன்று. ஆயினும் 2020-ஆம் ஆண்டில் எடுத்த மதிப்பீட்டின்படி உலகில் இந்நோயுடையார் சுமார் 28 லட்சம் பேர்; அவருள் நம் நாட்டாரும் உளர். பெரும்பாலும் 20 வயதிற்கும் 40 வயதிற்கும் இடையே இது தோன்றுகின்றது. ஆடவரினும் பெண்டிரை மிகுதியாகப் பற்றுகின்றது. கற்கவும், பொருளீட்டவும், மக்களை வளர்க்கவும் உரிய பருவத்திலே வருதலின் இதனால் விளையும் இடர் நோயாளி ஒருவரோடு நிற்பதன்று. காஞ்சிபுரத்தில் குழித்தறியில் அமர்ந்து மிதிபலகையைக் காலால் மிதித்துப் பட்டு நெய்யும் ஒருவர்க்குக் கால் தளருமாயின், அவர் குடும்பத்தின் பிழைப்பே தளரும் அன்றோ?

நோயின் இயல்பு

காஞ்சி நகரத்தார் நன்கறிந்த ஒரு பொருளைக்கொண்டே இந்நோயை விளக்கலாம். சரிகை என்பது யாது? நடுவே பட்டு நூல். அதன்மேல் தட்டையாக்கிய மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குப் பொன்முலாம் பூசுவர். நம் நரம்பிழைகளும் ஒருவாறு இத்தகையனவே. நடுவே செய்தியைச் சுமக்கும் இழை. அதனைச் சூழ 'மயலின்' என்னும் கொழுப்புறை. இவ்வுறை உள்ளவிடத்துச் செய்தி விரைந்தோடும். உறை சிதைந்தவிடத்துத் தயங்கும், அல்லது நின்றுவிடும்.

நோய்க்கிருமிகளை எதிர்த்து நம்மைக் காக்கவேண்டிய உடலின் பாதுகாப்புப் படை, தன் வீட்டையே பகைவீடென மயங்கி, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள இவ்வுறையைத் தாக்குவதே இந்நோயாம். தாக்குண்ட இடங்களில் தழும்புகள் உண்டாகின்றன. பாரிஸ் நகரத்துச் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் இருந்த ஷார்க்கோ என்னும் பேராசிரியர் 1868-ஆம் ஆண்டில் இந்நோயைத் தனி நோயென வகுத்துரைத்தார். பலவிடங்களிலே தடிப்புகள் காணப்படுதலின் இப்பெயர் வழங்கலாயிற்று.

தழும்பு விழுந்த இடத்திற்கேற்பக் குறிகள் வேறுபடும். ஒருவர்க்குப் பார்வை மங்கும். ஒருவர்க்குக் கால் மரத்துப்போகும். ஒருவர்க்குத் தசைகள் விறைத்து முழங்கால் மடங்காது. மற்றொருவர்க்கு முன்பாதம் தூக்க இயலாமல் தரையில் உரசி இடறும். இவையெல்லாவற்றினும் பலரை வாட்டுவது, வேலைக்கு ஒவ்வாத பேரயர்ச்சி. சிலர்க்கு நோய் எழுவதும் தணிவதுமாக இருக்கும். சிலர்க்குச் சிறிதுசிறிதாக வளரும். நோயெழுச்சியைக் குறைக்கும் மருந்துகள் இக்காலத்துப் பல உள. எனினும் அறவே நீக்கும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இருவகைத் தளர்ச்சி

இங்கே ஒரு வேறுபாட்டினைக் கூர்ந்து நோக்கல்வேண்டும். நோயாளியின் நடை தளர்வதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, நரம்புறையின் சிதைவு. மற்றொன்று, அச்சிதைவுக்கு அஞ்சி அசையாதிருத்தல். கால் இடறுகின்றது, ஆதலின் நடவாதிருக்கின்றார். நடவாமையால் தொடைத் தசைகள் மெலிகின்றன, கணுக்கால் இறுகுகின்றது, இதயமும் நுரையீரலும் உழைக்கும் வன்மையை இழக்கின்றன. அதனால் மறுபடி எழுந்து நடக்குங்கால் முன்னினும் மிக இடறுகின்றார். முன்னினும் மிக அஞ்சுகின்றார். இங்ஙனம் நோயால் வந்த தளர்ச்சியின்மேல் ஓய்வால் வந்த தளர்ச்சியும் ஏறிக்கொள்கின்றது. பார்ப்பவர் இவ்விரண்டையும் நோயென்றே கருதுவர்.

முதற்காரணத்தை உடற்பயிற்சி நீக்காது. இரண்டாம் காரணமோ பெரிதும் பயிற்சியால் நீங்கத்தக்கது. இக்கட்டுரையின் பொருள் முழுவதும் இவ்விரு வாக்கியங்களில் அடங்கும் எனலாம்.

வெப்பமும் அச்சமும்

அங்ஙனமாயின் மருத்துவர்களே நெடுங்காலம் ஓய்வை விதித்தது எதனால்? 1890-ஆம் ஆண்டில் ஊட்டாஃப் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர், இந்நோயுற்றார் சிலர்க்கு உடலை வருத்தி உழைத்தபின் பார்வை மங்குதலைக் கண்டு எழுதினார். உடலின் வெப்பம் சிறிது ஏறினும், உறை சிதைந்த நரம்பிற் செய்தி தடைப்படும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. வெந்நீரில் அமர்த்தினாலும் குறிகள் மிகுதல் கண்டு, அதனையே நோயறியும் சோதனையாகவும் ஒருகாலத்துக் கையாண்டனர். ஆகவே உழைப்பு நோயை வளர்க்கும் என்னும் அச்சம் மருத்துவருள்ளத்தும் வேரூன்றியது.

ஆனால் வெப்பத்தால் வரும் இத்தளர்ச்சி நரம்பைப் புதிதாகச் சிதைப்பதன்று. உடல் குளிர்ந்தவுடன் பார்வையும் வன்மையும் பழைய நிலைக்குத் திரும்பும். பங்குனி, சித்திரை மாதங்களில் காஞ்சியின் வெயிலை அறிந்தார்க்கு இவ்வுண்மை மிகப் பயன்படுவதாம். நண்பகலில் கால் துவண்டது கண்டு, நோய் முற்றிவிட்டதென்று மனமுடைதல் வேண்டா.

அமெரிக்க நாட்டு யூட்டா மாநிலத்தில் பெட்டஜன் என்பாரும் அவர் துணைவரும் 1996-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வச்சத்தை அசைத்தது. நோயாளர் 54 பேரை இரு பகுதியினராக்கி, ஒரு பகுதியார்க்கு வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் 40 நிமிடம், கையாலும் காலாலும் சுழற்றும் பொறியில் 15 வாரம் பயிற்சி அளித்தனர். பயின்றாருடைய உடல் உயிர்வளியைப் பயன்கொள்ளும் ஆற்றல் 100-க்கு 22 பங்கு உயர்ந்தது. கைகால்களின் வன்மையும் மிகுந்தது. பின்னர், 2014-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, நோயெழுச்சி பயிலாதாருள் 100-க்கு 6.3 பேர்க்கும், பயின்றாருள் 4.6 பேர்க்கும் நேர்ந்ததெனக் காட்டிற்று. ஆகவே அளவறிந்த பயிற்சி நோயைக் கிளறிவிடும் என்னும் கொள்கைக்கு இடமில்லையாயிற்று.

பயிற்சியின் வகைகள்

பயிற்சி என்றவுடன் மல்லரது உடற்பயிற்சியை எண்ணற்க. நடைக்கு உதவுவன நால்வகைப்படும்.

முதலாவது, மூச்சுக்கும் இதயத்திற்கும் வன்மை தருவது: நடத்தல், நிலைச் சைக்கிள் மிதித்தல், நீரில் நடத்தல் முதலியன. பேச இயலுதல் வேண்டும், ஆனால் பாட இயலாதிருத்தல் வேண்டும். இதுவே நடுத்தர உழைப்பின் எளிய அளவுகோல்.

இரண்டாவது, தசைகளுக்கு உரமூட்டுவது. நாற்காலியினின்று கையூன்றாமல் எழுந்து அமர்தல், சுவரைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்தித் தாழ்த்தல், படியொன்றில் ஏறி இறங்குதல் ஆகியன இதற்குப் போதும். வரதராசப் பெருமாள் கோயிலில் மூலவர் சந்நிதிக்கு 24 படிகள் ஏறல்வேண்டும் என்பதைக் காஞ்சி மக்கள் அறிவர். அப்படிகளில் ஏற விழையும் ஒருவர் வீட்டு வாயிற்படியிலேயே பயிற்சியைத் தொடங்கலாம்.

மூன்றாவது, சமநிலை காப்பது: பிடித்துக்கொள்ளத்தக்க மேசையின் அருகே, பாதங்களை நெருக்கி நிற்றல், ஒரு காலை முன்வைத்து நிற்றல், நின்றபடி திரும்புதல் முதலியன. நான்காவது, விறைத்த தசைகளை மெல்ல நீட்டித் தளர்த்துவது.

1983-இல் கர்ட்ஸ்கி என்னும் மருத்துவர் வகுத்தமைத்த அளவையில் இந்நோயின் நிலைகள் 0 முதல் 10 வரை குறிக்கப்படுகின்றன. 6 என்பது, 100 மீட்டர் நடக்க ஒரு கைத்தடி வேண்டும் நிலை. நோய் சிறிதாகவோ நடுத்தரமாகவோ உள்ளவர்க்கென 2013-ஆம் ஆண்டில் கனடா நாட்டு அறிஞர் வகுத்த நெறி, வாரத்தில் இருமுறை 30 நிமிட நடுத்தர உழைப்பும், வாரத்தில் இருமுறை தசைக்கு உரமூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பதாம். 30 நிமிடமும் ஒருங்கே செய்ய இயலாதவர், ஐந்து நிமிடம் பயின்று சிறிது இளைப்பாறி மீண்டும் தொடங்கலாம். முன்பாதம் தொங்குவார்க்குக் கணுக்காலைத் தாங்கும் கவசம் உதவும். கைத்தடியைத் தளர்ந்த காலின் பக்கத்திலன்று, வலிய காலின் பக்கத்திலேயே பிடித்தல் வேண்டும். தடி பிடித்தலை இழிவெனக் கருதி வீட்டிலிருப்பாரினும், தடியூன்றித் தெருவில் நடப்பாரே நலமுறுவர்.

நம் ஊர்க்கு ஏற்ற காலம் விடியற்காலையே. நெசவாளர் பாவினைத் தெருவில் நீட்டிச் செம்மை செய்வதும் வெயில் ஏறுமுன் அன்றோ? அப்பொழுதே நடைப்பயிற்சியையும் முடித்துக்கொள்க. பயிற்சிக்கு முன்னும் பின்னும் தண்ணீர் பருகுதலும், நனைத்த துண்டைக் கழுத்திலிடுதலும், மின்விசிறியின்கீழ் அமர்தலும் நன்று. மறுநாளும் நீங்காத அயர்ச்சி வருமாயின், முந்தைய நாளின் அளவு மிகுதியென்றறிந்து குறைத்துக்கொள்க. காய்ச்சல் கண்டாலும், புதிய குறி தோன்றி ஒருநாளைக் கடந்து நிலைத்தாலும், பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அணுகுக. தொடக்கத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் நேரிற் கண்டு அளவு வகுத்தல் இன்றியமையாதது.

பயனை அளத்தல்

பயிற்சியாற் பயனுண்டோ என்பதை மனத்தாற் கருதுவதினும் கடிகாரத்தால் அளப்பது மேலாம். 25 அடித் தூரத்தை விரைந்து, ஆயினும் இடையூறின்றி, எத்தனை நொடியில் நடக்கின்றார் என்பது ஓர் அளவு; ஆறு நிமிடத்தில் எத்துணைத் தூரம் நடக்கின்றார் என்பது மற்றோர் அளவு. முன்னது விரைவையும் பின்னது தாங்கும் வன்மையையும் காட்டும். 25 அடி நடையில் ஐந்திலொரு பங்கு மாறுதல் நேர்ந்தால், அது வாழ்க்கையில் உணரத்தக்க மாறுதல் என்பர்.

மிகைபடக் கூறுதல் நோயாளிக்குச் செய்யும் தீங்காம். 600 நோயாளரைப்பற்றிய 22 ஆய்வுரைகளைத் தொகுத்து 2009-இல் வெளிவந்த ஆராய்ச்சி, பயிற்சியால் நடை செம்மையுறுவது உண்மையே, ஆயினும் அச்செம்மை சிறிதே என்றது. ஒருவர் மேற்பார்வையிற் பயின்றார்க்குப் பயன் மிகுதி என்றும் கண்டது. சிறிது என்பதால் இகழற்க. பிறர் கைப்பற்றாமல் கிணற்றடிவரை செல்லுதலும், பேருந்துப் படியில் ஏறுதலும், தறிக்குழியினின்று தாமே எழுதலும் அளவையிற் சிறியன; வாழ்வில் பெரியன.

அண்மையிலுள்ள துணை

இத்தகைய மறுவாழ்வுக்கலை நமக்குத் தொலைவிலுள்ளதன்று. காஞ்சிக்கு மேற்கே சுமார் 70 கிலோமீட்டரில் உள்ள வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966-இல் தோன்றியது. அதனை நிறுவக் காரணராயிருந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த மோட்டார் விபத்தில் தண்டுவடம் முறிந்து இரு கால்களின் இயக்கமும் இழந்தவர். அவர்க்கு நேர்ந்தது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அன்று. ஆயினும் இழந்ததை எண்ணி அமராமல் எஞ்சியதைப் பயிற்றுதல் என்னும் நெறி ஒன்றே. சக்கர நாற்காலியில் இருந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க் என்பாரிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று மீண்டு, பிறரைப் பயிற்றினார். அரசினர் 1972-இல் அவர்க்குப் பத்மஸ்ரீ விருதளித்தனர்.

நம் நாட்டு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் 1985-இல் தொடங்கப்பெற்றது. அதற்குச் சென்னையிலும் கிளையுண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளுள் இந்நோயும் பெயர்சுட்டிக் கூறப்பட்டுள்ளது. தமிழ்நாட்டரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தில், வீட்டிற்கே வந்து இயன்முறை மருத்துவம் அளித்தலும் ஒரு பகுதியாம். இவற்றை அறியாமையாலேயே பலர் வீட்டினுள் முடங்குகின்றனர்.

சுற்றத்தார் கடமை

மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நான்கு உறுப்புடையது என்றார் திருவள்ளுவர். இந்நோயில் நான்காம் உறுப்பினர்க்குரிய பங்கு பெரிது. அன்பு மிகுதியால், "நீ எழவேண்டா, நாங்கள் கொண்டுவருகின்றோம்" என்று தண்ணீர்ச் செம்பையும் கையிற் கொடுக்கும் தாயும் மனைவியும் மைந்தரும், தாம் அறியாமலே நோய்க்குத் துணைசெய்கின்றனர். கடிந்து ஏவுதலும் தகாது, அயர்ச்சி சோம்பலன்று. உடன் நடந்து, விழாமற் காத்து, இன்று நடந்த தூரத்தைக் குறித்துவைத்து, தளர்ந்த நாளில் இளைப்பாறவிட்டு, மறுநாள் விடியலில் மீண்டும் அழைத்துச் செல்வதே உண்மையான உதவியாம்.

கல்லூரியிற் பயிலும் நம் மாணவ நண்பர்கள் தத்தம் தெருவில் இத்தகையார் ஒருவரைக் காணின், காலையில் அரைமணி நேரம் அவரோடு நடப்பாராக. அதற்குப் பொருட்செலவு ஒன்றுமில்லை.