கடைசி முறைக்காரரின் தக்காளி

பாலக்கோடு பக்கம் தக்காளிக்குத் தண்ணீர் கட்டும் நாளை யார் முடிவு செய்கிறார்கள்? கிணறு இல்லாத நம் மக்களுக்கு, பக்கத்துக் கிணற்றுக்காரர்தான். அவர் பாய்ச்சி முடித்த பிறகு, நள்ளிரவில் நம் முறை வரும், வராமலும் போகும்.

பயிருக்கோ தனிக் கணக்கு. நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், பிறகு மண்ணைப் பார்த்து வாரம் ஒருமுறை. வேர் ஆழத்து மண்ணைக் கையில் பிடித்துப் பார்ப்போம். உருண்டை நின்றால் பொறுக்கலாம், உதிர்ந்தால் பாய்ச்ச வேண்டும். பூவும் பிஞ்சும் விடும்போது காயவிடக் கூடாது. காயவிட்டுத் திடீரென நிறையப் பாய்ச்சினால் பழம் வெடிக்கும். வெடித்த பழத்துக்கு மண்டியில் விலை இல்லை. நாற்றுக்கு வாங்கிய கடன்தான் மிஞ்சும்.

சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு 100 சதவீத மானியம் தருகிறது. ஆனால் நீர் ஆதாரத்தைக் காட்ட வேண்டும். கிணறு இல்லாதவர் எதைக் காட்டுவார்?

1892இல் ஆங்கிலேய அரசு நம் முன்னோருக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அதுவே பஞ்சமி நிலம். நீரில்லாத நிலம் பாதி உரிமைதான். அடுத்த கிராம சபையில் கூட்டுக் கிணறு கேட்டு மனுக் கொடுப்போம். தண்ணீர் கட்டும் நாளை இனி நம் பயிர் சொல்லட்டும்.