குட்டி கெக்கோவுக்கு மருந்து அல்ல, சூடுதான் வேண்டும்

கிறிஸ்துமஸ் முடிந்து சில வாரங்கள் ஆனால் போதும், லண்டனில் என்னைப் போன்ற கால்நடை மருத்துவர்களிடம் லெப்பர்ட் கெக்கோ குட்டிகள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். எல்லாம் பிள்ளைகளுக்குப் பரிசாக வாங்கிய பல்லிகள். முதல் வாரம் வீடே தொட்டியைச் சுற்றி நிற்கும். பிறகு பல்லி சாப்பிட மறுக்கும். இணையத்தில் தேடுவார்கள், உறவினரிடம் யோசனை கேட்பார்கள், கையில் கிடைத்ததை ஊற்றிப் பார்ப்பார்கள். வால் குச்சியாய் மெலிந்த பிறகுதான் எங்கள் நினைவு வரும். "நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்தது, டொக்டர்" என்பார்கள். வால் ஒரே இரவில் மெலியாது. இந்தப் பல்லி கொழுப்பைச் சேமித்து வைப்பதே வாலில்தான். அது கரைய வாரக்கணக்கில் ஆகும்.

சாப்பிடவில்லையா? தரையைத் தொட்டுப் பாருங்கள்

புது இடத்துக்கு வந்த குட்டி முதல் சில நாட்கள் சாப்பிடாமல் இருப்பது வழக்கம். அந்த நாட்களில் கையில் எடுக்காதீர்கள். ஒளிந்துகொள்ள இடம் கொடுத்து, தண்ணீர் வைத்து, விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் சாப்பிடாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது வெப்பநிலையை.

"வீட்டில் ஹீட்டிங் ஓடுகிறதே" என்பார்கள். நமக்கு இதமான 20, 21 டிகிரி இந்தப் பல்லிக்குப் போதாது. தொட்டியின் ஒரு பக்கத் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். மறுபக்கம் 25 டிகிரி அளவில் இருக்கலாம். சூடு இல்லாவிட்டால் தின்ற பூச்சி செரிக்காமல் வயிற்றில் கிடக்கும். ஹீட் மேட்டைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் செருகுவது இன்னொரு ஆபத்து. வயிறு வெந்து வரும் குட்டிகளையும் பார்க்கிறேன்.

பாலைவனப் பல்லி, அதனால் மணலா?

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளில் இதன் சொந்த நிலம் பாறையும் இறுகிய மண்ணும் புதருமாக இருக்கும். கடையில் பாக்கெட்டில் விற்கும் உதிரி மணல் அதன் தாயகம் அல்ல. இரையோடு சேர்த்து மணலை விழுங்கும் குட்டிக்குக் குடல் அடைத்துவிடும். சுண்ணாம்புச் சத்து குறைந்த குட்டி மணலை வேண்டுமென்றே நக்கும். "சுண்ணாம்பு மணல்" என்று விற்பதும் குடலை அடைக்கும். குட்டிக்குச் சமையலறைக் காகிதத் துண்டு போதும். அழுக்கானால் எடுத்து எறியலாம்; கழிவு எப்படி இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

இரவுப் பிராணிக்கு எதற்குச் சுண்ணாம்பு?

இந்தக் கேள்விக்கான பதிலை எக்ஸ்ரே மேசையில் பார்க்கிறேன். முன்னங்கால்கள் வில்லாக வளைந்திருக்கும். விரல் நுனிகள் நடுங்கும். கீழ்த்தாடையை லேசாகத் தொட்டாலே ரப்பர் போல அமுங்கும். கிரிக்கெட் பூச்சியிலும் மீல்வார்மிலும் கால்சியம் மிகக் குறைவு. அதனால் இரைமீது கால்சியம் பொடியைத் தூவிக் கொடுக்க வேண்டும். வைட்டமின் டி3 கலந்த பொடி எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது தொட்டியில் உள்ள புறஊதா (யுவிபி) விளக்கைப் பொறுத்தது. மிதமான யுவிபி விளக்கு இந்த இரவுப் பிராணிக்கும் நல்லது. வளரும் குட்டிக்குத் தினமும் இரை வேண்டும். அதன் இரு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி கூடாது. மிஞ்சிய கிரிக்கெட்டுகளை எடுத்துவிடுங்கள். இரவில் அவை பல்லியைக் கடிக்கும். கீரை, பழம், சோறு எதுவும் வேண்டாம். இது பூச்சி தின்னும் பிராணி.

"வீட்டிலேயே கொஞ்சம் வைத்தியம் பார்த்தோம்"

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பொறுமை போய்விடுகிறது. மலச்சிக்கல் என்று வாயில் எண்ணெய் ஊற்றுகிறார்கள். அது நுரையீரலுக்குள் போய்விடுகிறது. குழந்தைக்கு வாங்கிய வைட்டமின் டி சொட்டு மருந்தைக் கொடுக்கிறார்கள். அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். கண் ஒட்டிக்கொண்டால் பழைய ஸ்டீராய்டு சொட்டு மருந்து. உள்ளே புண் இருந்தால் அது ஆறவே ஆறாது. நாய்க்கு எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கைக்கூட நறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். பத்து கிராம் எடையுள்ள உயிருக்கு அந்த மாத்திரையில் எந்தத் துணுக்கை நறுக்குவீர்கள்?

தோல் உரியும்போது பிய்த்து இழுக்காதீர்கள். ஈரமான பாசியோ காகிதமோ வைத்த மூடிய பெட்டி ஒன்று தொட்டிக்குள் இருந்தால் தானாகவே உரித்துத் தின்றுவிடும். விரல்களில் ஒட்டிக்கொண்ட பழைய தோல் இறுகினால் ரத்தம் போகாமல் விரலே உதிர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறை உரித்த பிறகும் விரல்களை எண்ணிப் பாருங்கள்.

துணைக்கு இன்னொன்று?

வேண்டாம். இவற்றுக்குத் துணை தேவையில்லை. ஒன்று சூடான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்றது பட்டினியில் வாடும். சண்டையில் வால் அறுந்து போகும். திரும்ப வளரும் வால் பழைய வடிவில் இருக்காது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

வால் மெலிவது, நடுக்கம், வயிற்றைத் தரையில் இழுத்து நடப்பது, பல நாட்கள் மலம் கழிக்காதது, கண் திறக்காதது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரிடம் உடனே வாருங்கள். மலப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் தேவைப்படலாம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, இங்கே 16 வயதுக்குக் குறைந்தவருக்குப் பிராணியை விற்கக் கூடாது. பிள்ளை வைத்திருக்கும் பல்லிக்குச் சட்டப்படி பொறுப்பு உங்களுடையது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் அது 15, 20 ஆண்டுகள்கூட வாழும். பிள்ளை படித்து வேலைக்குப் போன பிறகும் உங்கள் வீட்டில்தான் இருக்கும்.

கெஞ்சிக் கேட்கிறேன்: தொட்டியை ஒரு வாரம் முன்பே தயார் செய்து, வெப்பத்தைச் சரிபார்த்த பிறகு குட்டியை வாங்குங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைக் குறித்து வையுங்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்; சால்மொனெல்லா கிருமி ஆரோக்கியமான பல்லியிடமும் இருக்கும். மருந்துப் பெட்டியைத் திறக்கும் முன் வெப்பமானியைப் பாருங்கள். எடை இறங்கினால் இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். அன்றே அழைத்து வாருங்கள்.