பனிக்கட்டியில் புதைந்த காட்டுத்தீ

2015-ஆம் ஆண்டுப் புகைமூட்டத்தை ஆசிரிய நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுமாத்திராவிலும் கலிமந்தானிலும் காடும் சதுப்பு நிலமும் எரிந்தன. இங்கே பள்ளிகளை மூடினோம். மூடுவதற்கு முதல்நாள் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், “ஐயா, இந்தப் புகை கடைசியில் எங்கே போய்ச் சேரும்?” என்று கேட்டான். “மழை பெய்தால் கழுவிவிடும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விடை தவறன்று, ஆயினும் பாதிதான். மறுபாதியை இங்கே எழுதுகிறேன்.

மழைக்குத் தப்பிய புகைக்கரியில் மிகச் சிறு பங்கு, காற்றோடு நெடுந்தொலைவு சென்று துருவப் பனியின்மீது இறங்குவதுண்டு. அங்கே விழும் பனி பெரும்பாலும் உருகுவதில்லை. ஆண்டுக்கு ஓர் அடுக்காகப் படிந்து, மேற்சுமையால் இறுகிக் கட்டியாகிறது. கடலுப்பு, தூசி, எரிமலைக் கந்தகம், புகைக்கரி ஆகியவை அந்தந்த ஆண்டின் பனியோடு புதைகின்றன. அறிஞர்கள் உள்ளீடற்ற துளைகுழாயை இறக்கி, அப்பனியை நீண்ட உருளைகளாக வெளியே எடுக்கிறார்கள். கிழக்கு அண்டார்ட்டிக்காவில் ‘டோம் சி’ என்னுமிடத்தில் 3,200 மீட்டருக்கும் கீழே சென்று, 8 இலட்சம் ஆண்டுகளின் பனியை எடுத்துள்ளனர்.

எந்த அடுக்கு எந்த ஆண்டினது? கோடைப் பனியும் குளிர்காலப் பனியும் வேதியியல் தன்மையில் வேறுபடும். மரத்தின் வளையங்களைப்போல் எண்ணிவிடலாம். எண்ணுகிறவர் தவறினால் எரிமலைகள் திருத்தும். 1257-இல் இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் சமாலாஸ் எரிமலை வெடித்தது. அதன் கந்தகம் இரு துருவங்களிலும் படிந்திருக்கிறது. நம் அண்டை வீட்டு எரிமலை, துருவத்தில் நாள்காட்டிக்கு ஆணியாக நிற்கிறது!

இனிப் புகைக்கரியை அளக்கும் முறை. உருளையைச் சூடான தட்டின்மேல் நிறுத்தி, அடியிலிருந்து மெல்ல உருக்குவர். வெளிப்புறம் கையும் கருவியும் பட்டு மாசுற்றிருக்கும். ஆகையால் நடுப்பகுதியின் நீரையே எடுத்துக்கொள்வர். அந்நீரை நுண்துளிகளாக்கி, உலர்த்தி, லேசர் ஒளியினூடே செலுத்தினால், கரித்துகள் சூடேறி ஒளிரும். ஒளிர்வின் அளவே கரியின் அளவைக் காட்டிவிடும்.

ஆனால், கரி என்றாலே காட்டுத்தீயாகிவிடுமா? ஆகாது. நிலக்கரி எரிந்தாலும் கரிதான். ஆகையால் இரண்டாவது சாட்சி வேண்டும். 2007-இல் வெளியான கிரீன்லாந்து ஆய்வில், ஊசியிலை மரங்கள் எரியும்போது தோன்றும் வனிலிக் அமிலத்தையும் சேர்த்து அளந்தனர். ஏறத்தாழ 1850 வரை கரியும் அவ்வமிலமும் கூடவே ஏறின, கூடவே இறங்கின. அதன்பின் கரி அவ்வமிலத்தை விட்டுக் கந்தகத்தோடு கூட்டுச் சேர்ந்தது. ஆலைப் புகை காட்டுப் புகையை விஞ்சிவிட்டது என்பது அதன் பொருள். அந்த ஏற்றம் 1906-க்கும் 1910-க்கும் இடையில் உச்சத்தைத் தொட்டது.

எனினும் என்னை வியப்பில் ஆழ்த்தியது, 2021-இல் வெளியான அண்டார்ட்டிக்க ஆய்வே. கண்டத்தின் உட்பகுதிப் பனியில் 2,000 ஆண்டுகளாகக் கரி பெரிதும் மாறவில்லை. வடக்கே நீண்டிருக்கும் தீபகற்பத்தின் முனையிலோ, கடந்த 700 ஆண்டுகளில் ஏறத்தாழ மும்மடங்காயிற்று. ஏற்றம் தொடங்கிய ஆண்டு 1297. முன்பின் 30 ஆண்டுகள் இருக்கலாம். கரி எங்கிருந்து வந்தது? காற்றோட்டத்தைக் கணக்கிட்டபோது, தென் அகலக்கோடு 40 பாகைக்குத் தெற்கே எரிந்த தீயால் மட்டுமே இப்படிப் படிய இயலும் என்று தெரிந்தது. அங்கே காடுள்ள நிலம் மிகக் குறைவு: தாஸ்மேனியா, நியூசிலாந்து, படகோனியா. இம்மூன்றின் பழைய தீத்தடங்களையும் ஒப்பிட்டனர். அதே காலத்தில் தீ பெருகியதற்கான தடம் நியூசிலாந்தில் மட்டுமே இருந்தது. மாவோரி மக்கள் அங்குக் குடியேறிய காலமும் அதுவே. எழுத்தில் பதிவாகாத ஒரு குடியேற்றம், கடல் கடந்த பனியில் பதிவாகியிருக்கிறது.

அதற்குமுன் அந்நாட்டில் காட்டுத்தீ அரிது. ஆகையால் தீயைத் தாங்கப் பழகாத மரங்கள் எரிந்த இடத்தில் எளிதில் மீளவில்லை. பெரணியும் புதரும் பரவின. அப்பெரணியின் கிழங்கு மாவோரியருக்கு முக்கிய உணவு. பயிர்நிலம் திறக்கவும் தீ உதவியது. காட்டை அழித்தார்களே என்று அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. நம் ரப்பர்த் தோட்டங்களும் காட்டை வெட்டி எரித்த நிலத்தில் எழுந்தவைதாமே! அந்த வேலையில் நம் முன்னோரின் கைகளும் இருந்தன.

16-ஆம் நூற்றாண்டில், அதாவது உச்சக் காலத்தில், நியூசிலாந்துத் தீயிலிருந்து ஆண்டுக்கு 36,000 டன் புகைக்கரி எழுந்திருக்கலாம் என்று அவ்வாய்வு மதிப்பிடுகிறது. கூடவும் குறையவும் 21,000 டன் வரை பிழை இருக்கலாம் என்பதையும் அதே வரியில் சொல்கிறது. வகுப்பில் முதல் எண்ணைக் கூறும் ஆசிரியர்கள் இரண்டாவது எண்ணையும் விடாமல் கூறுக.